லத்திக்கு முன்னால் பேனா

ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்து விரித்தால் 86. உயரம் ஆண்களுக்கு 170, பெண்களுக்கு 159. பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 167, 157. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும்; பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இருட்டு விலகுவதற்குள் மைதானத்துக்கு வந்து ஓடுகிறார்கள், உள்ளங்கை காய்த்துப்போகக் கயிறு ஏறுகிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தயாரிப்பெல்லாம் காலுக்கும் தோளுக்குமே போய்விடுகிறது, காதுக்கும் கைக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதுதான் என் குறை. காவலர் வேலை என்பது பெரும்பாலும் கேட்கிற வேலை, கேட்டதைப் பிசகாமல் எழுதுகிற வேலை. அதற்கு லாயக்கானவரே நல்ல காவலர் என்பது என் கட்சி.

முதலில் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 18 முதல் 26 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. உதவி ஆய்வாளருக்குப் பட்டப்படிப்பு, வயது 20 முதல் 30. தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். விதிகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுங்கள். இப்போது காவலர் தேர்வின் மதிப்பெண்களைப் பாருங்கள். மொத்தம் 100, அதில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. அந்த 70க்குள்ளேயே 25 மதிப்பெண் உளவியல் கேள்விகளுக்கு. இவற்றுக்கு முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. ஓட்டமும் அளவும் உள்ளே நுழையக் கதவு திறப்பவை. தரவரிசையில் மேலே ஏற்றுவது பெரும்பாலும் படிப்பும் எழுத்தும். வாரியமே இப்படிக் கணக்குப் போட்டிருக்கும்போது நாம் ஏன் தலைகீழாகப் போடுகிறோம்?

எழுத்து என்று நான் சொல்வது கட்டுரை எழுதுவதை அல்ல. ஒரு நிலையத்தின் ரைட்டர் மேசைக்கு முன்னால், சங்கிலி பறிகொடுத்த ஓர் அம்மா நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கீறல், பேச்சில் நடுக்கம். "பால் வாங்கிட்டுத் திரும்புறேங்க, வண்டியில வந்து அறுத்துட்டுப் போயிட்டான்" என்கிறார். எப்போது என்று கேட்டால் மணி சொல்லத் தெரியாது; "பால் வண்டி கிளம்பின உடனே" என்பார். அதைத் தட்டிவிட்டு "சுமார் காலை 7 மணி" என்று எழுதினால் வேலை சுளுவாக முடியும். ஆனால் பால் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பூத்காரரிடம் கேட்கலாம். கேட்டால் நேரமும் கிடைக்கும், ஒரு சாட்சியும் கிடைப்பார். வண்டி முன்னாலிருந்து வந்ததா, பின்னாலிருந்தா? ஓட்டியவன் அறுத்தானா, பின்னால் உட்கார்ந்தவனா? தாலிக்கொடியா, சாதாரணச் செயினா, எத்தனை பவுன்? அழுகிறவரை நிறுத்தாமல், அவசரப்படுத்தாமல், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணிக்காமல் இவ்வளவையும் வாங்க வேண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து "போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்புவது அதற்கு ஈடாகாது. வழக்கின் தலையெழுத்து அந்த மேசையில்தான் எழுதப்படுகிறது.

"எழுத்தெல்லாம் சரி, திருடனிடம் உண்மையை வாங்க அடிதானே வழி" என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சட்டத்தைப் பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கும் நீதிமன்றத்தில் எடுபடுவது பெரும்பாலும் கைப்பற்றுதல் மகஜரையும் சாட்சிகளையும் பொறுத்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதியவும் வேண்டும். எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் பேப்பருக்கும் பேனாவுக்கும்தான் வந்து சேர்கிறோம். மகஜரில் நேரம் ஒன்று, சாட்சி சொன்ன நேரம் வேறொன்று என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். அடித்து வாங்கியது நீதிமன்ற வாசலோடு நின்றுவிடும். ஒழுங்காக எழுதியது கூண்டு வரைக்கும் வரும்.

அப்படியானால் உடல் வலு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் வெயிலில் மணிக்கணக்காக நிற்பதற்கும், 2015இல் சென்னை மூழ்கியபோது செய்ததுபோல இடுப்பளவுத் தண்ணீரில் முதியவர்களைத் தூக்கி வருவதற்கும் உடம்பு வேண்டும்தான். ஆனால் உடற்பயிற்சிக்கு இன்னொரு பலனும் உண்டு. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. இரவெல்லாம் பாரா நின்று களைத்தவருக்குக் கோபம் சீக்கிரம் வரும். மூச்சும் தூக்கமும் கட்டுப்பாட்டில் உள்ளவர், விடியற்காலை மூன்று மணிக்குக் குடித்துவிட்டு வந்து கத்துகிறவனிடமும் குரலை உயர்த்தாமல் பேசுவார். ஆகவே ஓடுங்கள், பொறுமைக்காகவும் சேர்த்து ஓடுங்கள்.

"பொறுமையும் நேர்மையும் பிறவியிலேயே வரணும், படிச்சு வருமா?" என்பது அடுத்த மறுப்பு. பாதி உண்மை. சுபாவத்தை மாற்றுவது கடினம், பழக்கத்தை மாற்றலாம். எதிரில் இருப்பவர் பேசும்போது ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் முடியாது, நான்காவது வாரம் முடியும். தம்பியையோ தங்கையையோ பள்ளியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லச் சொல்லி, அவர்கள் சொற்களிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று எத்தனை இடத்தில் மறுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறையக் குறைய நீங்கள் காவலராகிக்கொண்டிருக்கிறீர்கள். நேர்மைக்கான சோதனை பயிற்சிப் பள்ளிக்குப் போகும் முன்பே வந்துவிடும். தேர்வானவர்களின் நன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில், உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்வி இருக்கும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புள்ளவராகக் கருதுகிற விதி தமிழ்நாட்டில் உண்டு. அதனால் ஊர்த் தகராறில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததே வேலையைப் பறிக்கலாம். காவல்துறைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் முதல் வாக்குமூலம் அந்தப் படிவம்தான்.

கடைசி மறுப்புதான் கனமானது. "மேலிடம் சொல்வதைக் கீழே இருப்பவன் செய்யணும், ஒரு கான்ஸ்டபிளால் என்ன முடியும்?" அதிகாரத்தின் அழுத்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்தவற்றைப் படித்துப் பாருங்கள். கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். தேதியும் நேரமும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதி, சாட்சியின் கையொப்பமும் கைதானவரின் கையொப்பமும் வாங்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. இவை கைதானவரைக் காப்பது போலவே, நேரத்தை நேராக எழுதிய கடைநிலைக் காவலரையும் காக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம், தாக்குதல் நடந்த இரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் கண்டதைச் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார், கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு வேண்டியிருந்த திடத்தை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.

அதனால் நாளைக் காலை 1500 மீட்டரை ஓடி முடித்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நோட்டை எடுங்கள். அன்று மைதானத்தில் கண்ட ஐந்து விஷயங்களை நேரம், இடம், ஆளின் அடையாளத்தோடு எழுதுங்கள். கூட ஓடியவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்சைப் பார்க்கிற அதே கவலையோடு அந்தத் திருத்தங்களையும் பாருங்கள்.