முதலில் அறையைப் பார்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று புரொஜெக்டர்களின் விவரங்களையும் படித்தேன். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஆனால் ஹாலில் எத்தனை ஜன்னல், சுவரின் நிறம் என்ன, சோபா எங்கே கிடக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. உன் வயதுக்காரர்கள் மட்டுமல்ல, எல்லோருமே மெஷினில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது அறையில்.

ஏன் என்று சொல்கிறேன். புரொஜெக்டரால் ஒளியைக் கூட்ட மட்டுமே முடியும். திரையில் ஏற்கெனவே விழுந்திருக்கும் வெளிச்சத்தை எடுக்க முடியாது. படத்தில் வரும் நள்ளிரவு என்பது உன் வெள்ளைத் திரையில் ஒளி படாத இடம், அவ்வளவுதான். டியூப்லைட் எரிந்தால் அந்த நள்ளிரவு சாம்பல் பூத்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கு வெளிச்சம் புகாத கனமான கர்ட்டனுக்கு. அடுத்தது சுவர். திரையில் பட்ட ஒளி வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டு மறுபடி திரைக்கே வந்து கறுப்பை வெளுக்க வைக்கும். ஹாலுக்கு அடர் நிறம் பூச அக்கா சம்மதிக்க மாட்டாள், தெரியும். திரையை ஒட்டிய பகுதியிலாவது படம் பார்க்கும்போது மட்டும் கறுப்புத் துணியைத் தொங்கவிடு. பகலில் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கப் பழைய டிவியே இருக்கட்டும்.

இருட்டு கிடைத்துவிட்டால் கணக்கு எளிது. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 திரையின் அகலம் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். பரப்பு சுமார் 30 சதுர அடி. டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வகுத்த வெளிச்ச அளவைச் சாதாரண மேட் வெள்ளைத் திரைக்குப் பொருத்தினால் சதுர அடிக்கு 14 லூமென்ஸ் வரும். முப்பதால் பெருக்கு: 420 லூமென்ஸ். சினிமா மோடில் வைத்தால் வெளிச்சம் குறையும், விளக்கும் பழசாகும் என்பதால் 1000 முதல் 1200 வரை இருந்தால் நிம்மதி. பிறகு எதற்கு விளம்பரங்களில் 9000 லூமென்ஸ்? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்று இல்லாவிட்டால் அதைப் படிக்காமலே தாண்டிப் போ. நீ அனுப்பியதில் இரண்டாவது மெஷின் அந்த ரகம்தான். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அப்படியே: 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், 4கே-யாகக் காட்டும் என்றில்லை. நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன என்று பார். அது 1920 × 1080-க்குக் கீழே இருந்தால் வேண்டாம்.

இனி டேப் எடுத்து அள. த்ரோ ரேஷியோ 1.5 என்றால், திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் மெஷின் இருக்க வேண்டும். 87 அங்குலத்துக்கு ஏறக்குறைய 11 அடி. அந்த இடத்தில் மின்விசிறி தொங்கினால் எல்லாம் போச்சு. நேர் எதிரே வைக்க முடியாவிட்டால் லென்ஸ் ஷிப்ட், அதாவது லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் வசதி, உள்ளதைத் தேடு. கீஸ்டோன் பட்டனை அழுத்திச் சரிசெய்வது படத்தைச் சுருக்கிப் பிக்சல்களை வீணாக்கும் வேலை. உட்காரும் இடம் 10 முதல் 13 அடிக்குள் இருந்தால் 100 அங்குலம் கண்ணுக்கு இதம்.

மெஷின் டிஎல்பி வகையா எல்சிடி வகையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும். ஒற்றைச் சில்லு டிஎல்பியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன. சிலர் கண்ணுக்கு அது வானவில் தெறிப்பாகத் தெரியும். உனக்குத் தெரிகிறதா என்பதைக் கடையில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

திரைக்கு கெயின், அதாவது ஒளியைத் திருப்பித் தரும் அளவு, 1.0 உள்ள மேட் வெள்ளை போதும். கெயின் கூடினால் நடுவில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்றும் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும். வெளிச்சத்தைத் தடுக்கும் ஏஎல்ஆர் திரை நல்லதுதான், ஆனால் விலை அதிகம். கர்ட்டன் போட முடியாத ஹாலுக்குத்தான் அது. சுருட்டி இறக்கும் மலிவுத் திரைகள் நாளடைவில் அலை அலையாகச் சுருங்கும். பிரேமில் இழுத்துக் கட்டியதை வாங்கு. நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அதாவது 16:9-ஐவிட அகலமானவை. தமிழில் அதைத் தொடங்கியது 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. உன் 16:9 திரையில் அவை மேலும் கீழும் பட்டை விட்டுத்தான் ஓடும், படத்தின் உயரம் 37 அங்குலமாகக் குறையும். மெஷின் கெட்டுவிட்டதென்று பதறாதே.

கடைக்குப் போகும்போது இரவுக் காட்சி நிறைந்த படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு போ. அவர்கள் போட்டுக்காட்டும் கடலும் கிளியும் எந்த மெஷினிலும் அழகாகத்தான் இருக்கும். விளக்கை அணைக்கச் சொல், வசனம் இல்லாத இடத்தில் விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று கவனி. மூன்றாவது மெஷின் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாலின் அளவுகளை அனுப்பு, பொருந்துமா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா