திண்டுக்கல்லில் திரண்ட படை

கேள்வி: சாதாரணப் படைவீரராக இருந்த ஹைதர் அலி மைசூரு ஆட்சியைப் பிடித்தது எப்படி? (ஒரு வாசகர், மைசூரு)

பதில்: பலரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தேடுகிற விடை திண்டுக்கல்லில் இருக்கிறது.

1749 தேவனஹள்ளி முற்றுகையில் பெயரெடுத்த ஹைதர், 1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தார் (ராணுவ ஆளுநர்) ஆனார். அன்று அது மைசூரின் தெற்கு எல்லை. அடங்க மறுத்த பாளையக்காரர்களை ஒடுக்கிக்கொண்டே தனக்கென்று ஒரு படையைத் திரட்டினார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதப் பட்டறையும் அமைத்தார். எல்லையில் வளர்ந்த அந்தப் படைதான் அவருடைய உண்மையான மூலதனம்.

தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தபோது, பாக்கியைத் தீர்த்துவைத்தவரும் ஹைதர்தான். வீரர்களின் விசுவாசம் யார் பக்கம் சாய்ந்திருக்கும்!

1760இல், அவரே வளர்த்துவிட்ட காண்டே ராவ் மராத்தியரோடு சேர்ந்து அவரை விரட்டினார். மறு ஆண்டே ஹைதர் மீண்டுவந்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். அரியணையில் மட்டும் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரையே இருக்கவிட்டார்.