புது பேட்டரி போட்டதும் வண்டி திணறுதா?

தங்கச்சி, புது பேட்டரி போட்ட அன்னைக்கே வண்டி சிக்னல்ல ஆஃப் ஆகுது, ஏசி போட்டா உதறுதுன்னா உடனே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதே. என்ஜினைப் பிரிக்கவும் சம்மதிக்காதே. பெரும்பாலும் கோளாறு ரெண்டு இடத்துலதான் இருக்கும். ஒண்ணு டெர்மினல், இன்னொண்ணு என்ஜின் கம்ப்யூட்டரோட ஞாபகம்.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் இந்தத் தொல்லை அதிகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைன்னு பெரிய வீடுகள் பூட்டியே கிடக்கும். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தாத்தான் காரை வெளியே எடுப்பாங்க. நிறுத்தி வச்ச வண்டியும் கரண்ட் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், ஒரு மாசத்துக்கு 36. சின்ன கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 35, 45 தான். வெயில் காலத்துல பேட்டரி தானாவும் சீக்கிரம் இறங்கும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க வந்ததும் முதல்ல தேடிப் போறது பேட்டரிக் கடையைத்தான்.

சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருதா, செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்குதா? பானட்டைத் திறந்து ரெண்டு கிளாம்பையும் கையால அசைச்சுப் பாரு. துளி அசைஞ்சாலும் லூஸ்தான். பெரும்பாலான வண்டிக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். பழைய கிளாம்புல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா அதைத் துடைக்காமலேயே மாட்டிட்டுப் போயிருப்பாங்க. கழட்டி, வெந்நீர்ல ஆப்ப சோடா கரைச்சுத் தேய்ச்சுக் கழுவு. ஈரம் போகத் துடைச்சு மாட்டினப்புறம் மேலே கொஞ்சம் வாசலின் தடவு. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது பிளஸ் முதல்ல. இந்த வரிசை மாறவே கூடாது. மாறினா, ஸ்பேனர் தப்பி பாடியில பட்டதும் பொறி பறக்கும்.

நம்ம காரைக்குடி சிக்ரியில, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, ஆராய்ச்சி பண்றதும் இதைத்தான்: பேட்டரியும் உலோக அரிப்பும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்னைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வச்ச இடம். அந்த வாசலைத் தாண்டித் தினமும் போற நாம டெர்மினல்ல பூத்த பூவைக் கண்டும் காணாம விடக் கூடாது.

டெர்மினல் சரியா இருக்கு, செல்ஃப் பட்டுனு எடுக்குது, ஆனா ஐடிலிங் ஏறி இறங்குதுன்னா அது ஞாபகக் கோளாறு. இதை நிதானமாக் கேளு. ஓடின வண்டியில த்ராட்டில் ஓரத்துல கரி படியும், காத்து போற வழி குறுகும். கம்ப்யூட்டர் அதைக் கவனிச்சு, வால்வைக் கொஞ்சம் கூடுதலாத் திறந்து சமாளிச்சுக்கிட்டே வந்திருக்கும். பேட்டரியைக் கழட்டினதும் பல வண்டிகள்ல அந்தக் கணக்கு அழிஞ்சுடும். கம்பெனியில இருந்து வந்தப்போ இருந்த அளவுக்கே வால்வு திறக்கும். கரியோ அப்படியே இருக்கு. காத்து பத்தாம என்ஜின் அணைஞ்சு போகுது. புது பேட்டரி எந்தத் தப்பும் பண்ணலை.

அம்பாசிடர் காலத்து டிரைவர் அண்ணன்மார் இதை நம்ப மாட்டாங்க. அவங்க பார்த்ததெல்லாம் கார்புரேட்டர் வண்டி, அதுல மறக்கிறதுக்கு எதுவும் கிடையாது.

இதுக்கு வைத்தியம் பொறுமைதான். ஏசி, லைட், பாட்டு எல்லாத்தையும் அணை. ஆக்சிலேட்டரைத் தொடாம ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் ஐடிலிங்கிலேயே விடு. அப்புறம் ஏசி போட்டு இன்னும் சில நிமிஷம் விடு. பிறகு ஊருக்குள்ள கொஞ்சம், மெயின் ரோட்டுல கொஞ்சம்னு குன்றக்குடி தாண்டிப் பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்ட்டு வா. ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா கியர் மாறும்போதும் முதல்ல ஜெர்க் தெரியும், ஓட ஓடச் சரியாகும். சில வண்டிக்கு ஐடில் செட் பண்ற முறையே தனி. கையேட்டைப் பாரு, இல்லேன்னா ஸ்கேனர் இருக்கிற மெக்கானிக்கிட்ட போ. இவ்வளவு ஓட்டியும் தேறலைன்னா த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணச் சொல்லலாம், அது நியாயமான செலவு. எடுத்த எடுப்புல இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப்னு பட்டியல் போட்டா வேண்டாம்னுடு.

செல்ஃப் சுத்துது, வண்டி மட்டும் பிடிக்கலையா? டேஷ்போர்டுல சாவிப் படம் மின்னுதான்னு பாரு. மின்னினா இம்மொபிலைசர் சாவியை அடையாளம் கண்டுக்கலை. ரிமோட்ல ஒரு தடவை பூட்டித் திற, இல்லேன்னா ரெண்டாவது சாவியைப் போட்டுப் பாரு. அந்த விளக்கு மின்னலைன்னா டார்ச் அடிச்சு ஒயர்களைப் பாரு. மாசக்கணக்கா நின்ன வண்டியில எலி கடிச்சிருக்கும், பழி பேட்டரி மேல விழும்.

எதுக்குமே உயிர் வரலைன்னா பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டினாங்களான்னு கேளு. மாறியிருந்தா மெயின் ஃபியூஸ் போயிருக்கும், ஆல்டர்நேட்டர் டயோடும் போயிருக்கலாம். இது நடக்காம இருக்க, வாங்கப் போகும்போதே பழைய பேட்டரி மேல இருக்கிற நம்பரைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போ. கடைசியில இருக்கிற எல், ஆர் எழுத்துதான் டெர்மினல் எந்தப் பக்கம்னு சொல்லும். சிக்னல்ல தானா அணைஞ்சு தானா ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு, கம்பெனி சொன்ன ரகத்தையே போடு.

ஒரு மல்ட்டி மீட்டர் வாங்கி வண்டியிலேயே வச்சுக்கோ. வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டினா பேட்டரி நிறைஞ்சிருக்கு. ஓடும்போது 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். வரலைன்னா ஆல்டர்நேட்டரைப் பாக்கணும். இல்லேன்னா புது பேட்டரியும் ஒரே வாரத்துல படுத்துடும். இதைச் சோதிக்கிறேன்னு ஓடுற வண்டியில பேட்டரியைக் கழட்ட மட்டும் யாரையும் விடாதே. வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரே கருகிப் போகலாம்.

வண்டியை விட்டுட்டு வெளியூர் கிளம்பும்போது மைனஸைக் கழட்டி வச்சுட்டுப் போறதா இருந்தா கதவைச் சாவியால பூட்டு. வந்து மாட்டினதும் ஞாபகக் கதை மறுபடி நடக்கும்னு நினைவு வச்சுக்கோ. வீட்டைப் பாத்துக்கிறவருக்கு லைசென்ஸ் இருந்தா வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டச் சொல்றது இன்னும் நல்லது. வாசல்ல நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆன் பண்ணி வச்சா, அந்த வாரம் இறங்கின கரண்ட் திரும்ப ஏறாது.