ஏரியிலிருந்து மலைக்கு

பழவேற்காட்டு ஏரியின் மேலைக் கரையில் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய தொலைவும் நீர்ப்பரப்பு. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டை என்னும் நீண்ட தீவு. அதற்கும் அப்பால் வங்கக் கடல். மேற்றிசையை நோக்கினால், வானம் தெளிந்த நாள்களில் நீலநிற மலைத்தொடர் ஒன்று தோன்றும். அதன் ஓங்கிய பகுதிக்குக் கம்பாக்கம் துர்க்கம் என்று பெயர். துர்க்கம் என்பது மலையரண். அதன் உயரம் ஏறத்தாழ 2,500 அடி.

ஏரியில் தொழில் செய்வோர்க்கு அம்மலை நெடுங்காலமாக ஒரு குறி. கரையும் தீவும் தாழ்ந்து கிடத்தலின், நடு ஏரியில் நிற்பவன் தன் இருப்பிடத்தை அறிய உயர்ந்த பொருளைத் தேடுவான். மலைமுடி இன்ன பனைக்கு நேரே தோன்றினால், வலை கட்டும் இடம் இது என்று கணித்துக்கொள்வான். இவ்வாறு கணித்தே ஐம்பது ஆண்டு மீன்பிடித்த முதியவர் ஒருவர் சுண்ணாம்புக்குளத்தில் வாழ்ந்தார். நாள்தோறும் கண்ட அம்மலையில் அவர் ஒருமுறையேனும் கால் வைத்ததில்லை.

ஓர் ஆண்டு ஏரியின் நிலை மிகவும் நலிந்தது. பழவேற்காடு ஊருக்கருகே ஏரியும் கடலும் கலக்கும் வாயை முகத்துவாரம் என்பர். கடலலை மணலைக் கொணர்ந்து குவிக்குந்தோறும் அவ்வாய் குறுகும். சில ஆண்டுகளில் முற்றும் அடைபட்டதும் உண்டு. அடைபட்டால், கடலில் தோன்றிய இறாற்குஞ்சுகள் ஏரியினுள் புக வழியில்லை. ஏரியின் ஆழமோ பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே. வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க எஞ்சிய நீரில் உப்பு மிகும். ஓரங்கள் சேறாகிப் பின்னர் வறண்டு வெடிக்கும்.

இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரார் முறை வகுத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். அவ்வாண்டு முதியவரின் மகனுக்குப் பாடு வந்தது. வலைக்கு மீன் வரவில்லை. அவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் கூலிவேலைக்குச் சென்றார். ஒன்பதாம் வகுப்பிற் படித்த பேரன் இவற்றையெல்லாம் கண்டுகொண்டிருந்தான். ஒருநாள் அவன், "தாத்தா, ஏரி இனிப் பிழைக்குமா?" என்று கேட்டான்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. "சனிக்கிழமை உனக்குப் பள்ளி இல்லையே, தம்பி! மலைக்குப் போய்வருவோம், வா" என்றார்.

புரட்டாசித் திங்கள்; மழை இன்னும் இறங்கவில்லை. முதுகிற் சுமக்கும் பை ஆளுக்கு ஒன்று. பேரனின் பையில் பாட்டி புளிச்சோறும், பொரித்த நெத்திலிக் கருவாடும், இரண்டு போர்வைகளும் வைத்துக் கட்டினாள். அவன் விளையாட்டுக் கருவிகள் சிலவற்றையும் திணித்தான். முதியவர் அவற்றை எடுத்து வெளியே வைத்துத் தண்ணீர்க் குப்பியை உள்ளே வைத்தார். மலையேறுவோன் பையில் வேண்டாத பொருள் ஒன்று இருப்பின், ஏற ஏற அது இரண்டு மடங்காகக் கனக்கும்.

ஆரம்பாக்கம் சென்று இரயில் ஏறி, அடுத்த நிலையமாகிய தடாவில் இறங்கினர். அங்கிருந்து பேருந்தில் வரதையபாளையம் சேர்ந்து, பின்பு மெல்ல நடந்தனர். இப்பகுதி முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பெற்றபோது, திருத்தணி தமிழகத்துக்கும், சத்தியவேட்டைச் சூழ்ந்த இப்பகுதி ஆந்திரத்துக்கும் உரியவாயின. இன்று இது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. வழியில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. ஏரியில் இரு மொழியாரோடும் பழகிய முதியவர்க்கு அஃது ஒரு தடையன்று.

உப்பங்கழியும் தாழையும் பின்னே நின்றன. நெல்வயலும் ஏரிக்கரையும் வந்தன. பின்னர்க் காடு தொடங்கிற்று. நெய்தல், மருதம், முல்லை, குறிஞ்சி எனத் தொல்காப்பியர் பகுத்த நிலங்களை வகுப்பறையில் மனப்பாடம் செய்திருந்த பேரன், அவை ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் காலடியில் வருவதைக் கண்டு வியந்தான். மனப்பாடத்திற் பிழைத்த வரிசை நடையிற் பிழைக்கவில்லை.

காட்டினுள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். அதனைப் பெற்று உப்பலமடுகு என்னுமிடத்தை அடைந்தனர். தெலுங்கில் மடுகு என்பதே தமிழில் மடு. பெயருக்கேற்ப, ஓடை பாறைகளிடையே இறங்கி அடுத்தடுத்து மடுக்களாகத் தேங்கி நிற்கின்றது. அருவியும் உண்டு. மேலே சித்தேசுவரர் கோயில் உள்ளது. சிவராத்திரியில் மக்கள் திரளாக வருவர். பிற நாள்களில் வருவோருள் சிலர் மதுக்குப்பிகளை உடைத்துப் பாறையில் எறிந்து செல்கின்றனர். வெறுங்காலோடு நடக்கும் விலங்குக்கும் மனிதர்க்கும் அவர் செய்யும் கேடு சிறிதன்று. மடுவின் ஆழம் அறியாது குதித்து உயிர் இழந்தோரும் உளர்.

முதியவர் நீந்த வல்லவர். எனினும் ஒரு கழியால் ஆழம் பார்த்த பின்னரே பேரனைக் கரையோரத்தில் இறங்க விட்டார். சிறு மீன்கள் வந்து அவன் காலைக் கொத்தின. அவன் இரு கையாலும் நீரை அள்ளிக் குடித்து, "தாத்தா, உப்பே இல்லை!" என்றான். முதியவர் நகைத்தார். நாவல் மரத்தடியில் அமர்ந்து உண்டனர். அவசரம் ஒன்றும் இல்லை; வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தனர். இரவு அடிவாரத்து ஊரில், முதியவர் அறிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் உறங்கினர்.

மறுநாள் விடியுமுன், வழியறிந்த அவ்வூரார் ஒருவர் துணையோடு ஏறத் தொடங்கினர். கூழாங்கல்லும் முட்புதரும் நிறைந்த வழி. முதியவர் நூறு அடிக்கு ஒருமுறை நின்றார், பேரனும் நின்றான். தொடக்கத்தில் அவனுக்கு அது பொறுக்கவில்லை. பாதி மலை ஏறிய பின்னர், நிற்கும் முறை அவனுக்கும் வேண்டியதாயிற்று.

உச்சியை அடைந்தபோது கதிரவன் கடலின்மேல் எழுந்திருந்தான். கிழக்கே ஏரி முழுதும் வெள்ளித்தகடு போலத் தோன்றிற்று. அதற்கப்பால் தீவு ஒரு கறுத்த கோடு; அதன் மறுபுறம் கடல். பேரன் தன் ஊரைத் தேடினான். மரங்களின் திரளன்றி வேறொன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"ஊரைத் தேடாதே, நீரைத் தேடு" என்றார் முதியவர்.

மலைச்சரிவின் ஓடைகள் கீழே ஓர் ஏரியிற் சென்று சேர்கின்றன. அது நிரம்பினால் அடுத்த ஏரி. அதன் மிகுதி கால்வாய்க்கும் ஆற்றுக்கும். வடக்கே காளங்கியும் தெற்கே ஆரணியாறும் இம்மலைநாட்டு வெள்ளத்தையே பழவேற்காட்டு ஏரிக்குக் கொண்டு செல்கின்றன. ஏரிநீர் கடல்மட்டத்தினும் உயர்ந்தால், அடைத்த மணலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

"அப்படியானால் இங்கே மழை பெய்தால் அங்கே வாய் திறக்கும். அவ்வளவுதானே, தாத்தா?"

"எல்லா ஆண்டும் தானே திறப்பதில்லை, தம்பி. நீர் ஏறி நிற்கும் நேரம் பார்த்து மணலில் ஒரு கால் வெட்டிவிட வேண்டும். முழங்கால் அளவு வெட்டினால் போதும். மிகுதியை நீரே அறுத்துக்கொண்டு போகும். நேரம் தவறி வெட்டினால் அலை வந்து மூடிவிடும்."

"வெட்டியும் திறக்காவிட்டால்?"

"அப்படியும் நடந்திருக்கிறது" என்றார் முதியவர். பேரன் மேலும் வினவவில்லை. நெடுநேரம் இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். வெயில் ஏறவே, மெல்ல இறங்கி, மாலை இரயிலில் ஊர் திரும்பினர்.

ஐப்பசியில் மழை வலுத்தது. மூன்று நாள் மேற்கே மலை தெரியவில்லை. நான்காம் நாள் ஏரியில் செந்நிறக் கலங்கல் நீர் வந்து பரவிற்று. பேரன் விரலை நனைத்து நாவில் வைத்துப் பார்த்தான், உப்புக் குறைந்திருந்தது. நீர் மேலும் இரண்டு நாள் ஏறிற்று. ஊரார் முகத்துவாரத்தை வெட்டப் படகுகளில் புறப்பட்டனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து அவன் தந்தையாரும் விடுப்புப் பெற்று வந்திருந்தார். முதியவர் கரையில் நின்று, தம் மண்வெட்டியைப் பேரன் கையிற் கொடுத்தார்.