வானத்தை ஏறிட்டுப் பார்த்தல்



ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாருடைய கண்ணும் வானத்தின் மீதுதான். கூரத்து விவசாயி கருமேகம் திரளக் கண்டால் முகம் மலர்கிறார். அதே மேகத்தைக் காணும் பட்டு நெசவாளரோ, விடியற்காலையில் தெருவில் நீட்ட வேண்டிய பாவை நினைத்துக் கவலைப்படுகிறார். குழித்தறியில் ஈரம் ஊறிவிட்டால் தறியில் உட்கார முடியாது, கூலியும் இல்லை. மேலே நிற்பதோ ஒரே மேகம்! நாமும் இப்படித்தான், அது நமக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போடுகிறோமேயன்றி, அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கூரம், வானத்தை நம்பியே வாழ்ந்து வரும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அங்கு வெட்டப்பட்ட பரமேசுவர தடாகத்தையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகுக் காலையும் குறிப்பிடுகிறது. ஏரி வெட்டலாம், கால்வாய் தோண்டலாம். பாலாற்றில் நீர் வருவதற்கு எங்கோ ஒரு மேகம் பொழிந்தாக வேண்டுமல்லவா?

திருமறை மேகத்தை ஒரே பெயரால் அழைத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. ஸஹாப், முஸ்ன், ஃகமாம், முஃஸிராத் என்று இடத்துக்கு ஏற்ற சொற்கள் அதில் வருகின்றன. அந்நூர் அத்தியாயத்தின் 43-வது ஆயத்து, அல்லாஹ் மேகத்தை மெல்ல ஓட்டி, துண்டுகளை இணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் நடுவிலிருந்து மழையை வெளிப்படுத்துவதைப் படிப்படியாகக் காட்டுகிறது. இதைப் பார்க்க ஆராய்ச்சிக் கூடம் தேவையில்லை, மொட்டைமாடி போதும். வெயில் ஏற ஏறப் பஞ்சுப் பொதிகளாக ஆங்காங்கே தோன்றும். பிற்பகலில் அவை நெருங்கிச் சேர்ந்து மலைபோல் உயரும். மேற்புறம் எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும், அடிப்புறம் பலகையில் வைத்ததுபோல் தட்டையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நீராவி மேலே ஏறிக் குளிர்ந்து துளியாக மாறத் தொடங்கும் உயரம் அதுதான். ஒரு மைல்கூட அகலமில்லாத வெண்பொதி ஒன்றில் ஏறத்தாழ 500 டன் தண்ணீர் மிதப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அர்ரஃது அத்தியாயம் மேகங்களைக் கனமானவை என்று கூறுவது இங்கே நினைவுக்கு வரும். (இறைமறைக்கு விஞ்ஞானம் சான்றிதழ் தர வேண்டும் என்று நான் கருதுபவனல்லன். பார்க்கச் சொன்னான், பார்க்கிறோம், அவ்வளவே.)

மேகங்களை இன்று உலகம் வகை பிரிக்கும் முறைக்கு 1802-இல் அடிகோலிய லூக் ஹோவர்ட் என்பவர் லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்தவர். வயிற்றுப் பிழைப்புக்கு இடையே வானத்தைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது! நமக்கோ வானத்தைப் பார்ப்பது மார்க்கக் கடமைகளோடு பிணைந்த ஒன்று. மேற்கே செவ்வானம் மறைந்தால் இஷா நேரம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அதன்பின் எஞ்சும் வெண்மையும் மறைய வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இந்தச் சட்டத்தைக் கிதாபில் ஓதியவர்களிலேயே அந்த வெண்மையைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? சுவரில் தொங்கும் நேர அட்டவணை நம் கழுத்தை நிமிரவிடாமல் செய்துவிட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் பின்னிரவில் எழுந்ததும் வானத்தை நோக்கி, ஆலஇம்ரான் அத்தியாயத்தின் இறுதி ஆயத்துகளை ஓதியதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். தொழுகைக்குள் வானத்தைப் பார்க்கலாகாது என்று தடுத்தவர்களும் அதே நாயகம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். மழை பெய்தபோது தம் ஆடையைச் சற்று விலக்கி மேனியில் படவிட்டார்கள். அது இப்போதுதான் இறைவனிடமிருந்து வந்தது என்று காரணமும் கூறினார்கள். ஆனால் மேகம் திரளும்போது அவர்களுடைய முகத்தில் கவலை தெரியும். மற்றவர்கள் மகிழ்கிறார்களே என்று ஆயிஷா (ரலி) வினவியபோது, மழை மேகம் என்று எண்ணி மகிழ்ந்த ஆது கூட்டத்தாருக்கு அதிலிருந்தே வேதனை வந்ததை நினைவூட்டினார்கள். மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்த பார்வை அது.

இனி, விவசாயிக்கும் நெசவாளருக்கும் வருவோம். ஒரு ஜும்ஆ நாளில் குத்பாவின் நடுவே ஒருவர் வந்து, கால்நடைகள் அழிகின்றன, மழைக்காகத் துஆச் செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தினார்கள். வானில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை என்கிறார்கள் அனஸ் (ரலி). ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போன்ற ஒரு மேகம் எழுந்து, நடுவானில் பரவிப் பொழிந்தது. அடுத்த ஜும்ஆ வரை சூரியனையே காணவில்லை. அன்று மீண்டும் ஒருவர் வந்து, உடைமைகள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டன, மழை நிற்கத் துஆச் செய்யுங்கள் என்றார். (முதலில் வந்தவர்தானா என்று பிற்பாடு கேட்டபோது, தெரியாது என்றார்கள் அனஸ்.)

நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். மழை நிற்கட்டும் என்று கேட்கவில்லை. எங்கள் மீதல்ல, எங்களைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரஞ்செடி முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்றே கேட்டார்கள். மேகம் ஊருக்கு மேலே விலகிற்று. மக்கள் பள்ளியிலிருந்து வெயிலில் நடந்து வெளியே வந்தார்கள்.