பிணை கிடைத்தும் வீடு வராதவர்

நான் இயற்பியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவன். சட்டம் எனக்குப் பாடமன்று; எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவன், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு என்னோடு பேருந்தில் வரும் நண்பன். துறைமங்கலம் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். அவனுடைய தாய்மாமனுக்கு ஒரு வழக்கில் நீதிமன்றம் பிணை வழங்கியது. வீட்டில் மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள். சிறைவாசலிலேயே வேறோர் உத்தரவைக் காட்டி அவரைச் சிறப்பு முகாம் ஒன்றுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

"கோர்ட்டு விட்டுருச்சு, அப்புறம் யாருடா பிடிச்சது?" என்று என் அம்மா கேட்டார். விடை தேடி நூலகம் சென்றேன்.

பிடித்தது 1946ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம். அயல்நாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்கவேண்டும் என்று உத்தரவிட அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது. 2022 நவம்பர் 11 அன்று இராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆறு பேரை உச்சநீதிமன்றம் விடுவித்தபோது, அவர்களுள் இலங்கையர் நால்வர் திருச்சி சிறப்பு முகாமுக்கே கொண்டு செல்லப்பட்டனர். சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். ஏனைய மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில்தான் இலங்கை சென்றனர். இது சட்டப்படி நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. ஓர் ஆணையின் மேல் இன்னோர் ஆணை, அவ்வளவே. ஆணையை மீறாமலே அதன் பயனை இல்லாமற் செய்யும் இவ்வழியே என்னை மிகவும் அச்சுறுத்துகிறது.

வெளிப்படையாக மீறினால்? 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, வேண்டுமென்றே ஆணையை மீறுவது உரிமையியல் அவமதிப்பு. தண்டனை ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட சிறந்த சான்று மணிப்பூரில் உள்ளது. 1982 மார்ச்சில் இராணுவத்தினர் அழைத்துச் சென்ற இருவர் திரும்பவில்லை. ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தவர் செபாஸ்டியன் ஹோங்ரே. நம்மைப் போல் ஒரு மாணவர்! இருவரையும் நேரில் நிறுத்துமாறு 1983 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாளே அவர்களை அனுப்பிவிட்டோம் என்ற கதையை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1984 ஏப்ரலில் இதனை அவமதிப்பு எனத் தீர்மானித்து, இருவரின் மனைவியர்க்கும் ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்கச் செய்தது.

அயல்நாட்டவர் காவலிலும் நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. அசாமில், மாட்டியா முகாமில் அயல்நாட்டவரெனத் தீர்மானிக்கப்பட்ட 63 பேர் நாடு கடத்தப்படாமலும் விடப்படாமலும் கிடந்தனர். 2025 பிப்ரவரி 4 அன்று, முகூர்த்த நாளுக்குக் காத்திருக்கிறீர்களா என்று நீதிபதிகள் சினந்து கேட்டனர். மாநிலத் தலைமைச் செயலாளரே பதில் சொல்ல நேர்ந்தது. பெயர் சொல்லி ஓர் அதிகாரியை அழைத்தால்தான் கோப்பு நகர்கிறது போலும்!

இவற்றையெல்லாம் பேருந்தில் நண்பனிடம் கூறினேன். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அந்த ஒரு இலட்சத்தை யாருடா குடுத்தாங்க?"

"அரசாங்கம்."

"அப்ப, கூட்டிட்டுப் போனவருக்கு?"

பேருந்து அரியலூர் நிலையத்துக்குள் நுழைந்தது. அவன் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே இறங்கினான்.