கிராமப் பணியும் கைப்பேசிக் காமிராவும்

ஊராட்சிப் பணி ஒன்று நடைபெற்றது என்பதற்கு முன்னாளில் மூன்று சாட்சிகள் இருந்தன: அளவுப் புத்தகம், வருகைப் பட்டியல், நேரில் கண்ட ஊர் மக்கள். இன்று நான்காவது சாட்சியாகக் கைப்பேசிப் படம் வந்து சேர்ந்திருக்கிறது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வருகைப் பதிவுச் செயலி ஒன்று தொடங்கப்பெற்றது. தனிநபர் பணிகள் நீங்கலாக, மற்றப் பணியிடங்கள் அனைத்திலும் 2023 சனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. தொழிலாளர்களை நாளொன்றுக்கு இருமுறை படம் எடுத்து, இடமும் நேரமும் குறித்து அனுப்புதல் விதியாயிற்று. பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்திலும் கட்டடம் எழும்பும் ஒவ்வொரு நிலையும் இவ்வாறே படமாகப் பதிவு செய்யப்படுகிறது.

ஆகவே, படம் பழுதானால் ஒரு தொழிலாளியின் நாட்கூலி தடைப்படலாம். ஓர் ஏழையின் வீட்டுத் தவணை தாமதமாகலாம். இப்பழுதுகளிற் பலவற்றுக்குக் காரணம், செயலிக்குள் இயங்கும் காமிரா முறையாக அமைக்கப்படாமையே. அதனை அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

செயலிக் காமிராவின் தன்மை

செயலிக்கெனத் தனிக் காமிரா கிடையாது. கைப்பேசியில் உள்ள கண்ணாடி வில்லையையே செயலி தன் வேலைக்குப் பயன்படுத்திக் கொள்கிறது. சாதாரணமாக எடுத்த படம் பழையதாகவும் இருக்கலாம். பிறர் அனுப்பியதாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும் படத்திலிருந்து இடக்குறிப்பு நீங்கிவிடுகிறது. இதனாலேயே, பதிவுக்கான செயலிகள் பொதுவாகத் தாமே காமிராவைத் திறந்து, படம் எடுக்கும் அக்கணத்திலேயே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் ஆகியவற்றைப் படத்தோடு பிணைத்துவிடுகின்றன.

முதலாவது: அனுமதி

செயலியை முதலில் திறக்கும்போது, காமிராவையும் இருப்பிடத்தையும் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கைப்பேசி வினவும். பொருள் விளங்காமல் இருமுறை மறுத்துவிட்டால், 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11 முதற்கொண்டு அக்கேள்வி மீண்டும் எழுவதில்லை. கைப்பேசியின் அமைப்புகளுக்குச் சென்று, செயலியின் பெயரைத் தேடி, அனுமதியை நாமே வழங்க வேண்டும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பல மாதங்கள் திறக்கப்படாத செயலிக்கு முன்னர் அளித்த அனுமதியைக் கைப்பேசி தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும். பயிர்க் காப்பீட்டுச் செயலியை விவசாயி ஆண்டுக்கு ஓரிரு முறையே திறக்கிறார். ஆலங்கட்டி மழை போன்ற ஊறு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது அத்திட்டத்தின் விதி. அவ்வேளையில் அனுமதி தேடி அலைவதைக் காட்டிலும், பருவத் தொடக்கத்திலேயே ஒருமுறை திறந்து சோதிப்பது அறிவுடைமையாகும்.

இரண்டாவது: இடம்

கைப்பேசி தன் இருப்பிடத்தை, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களிலிருந்து அறிகிறது. குறைந்தது 4 கோள்களின் குறிகள் எட்ட வேண்டும். இதற்குக் கைப்பேசிக் கோபுரம் இன்றியமையாததன்று. கோபுரமில்லாத காட்டிலும் இடம் பதிவாகும். சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவே. திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழைக்குள் இடம் கிடைக்கும். அடர்ந்த தோப்பிலும், சுவரோரத்திலும், கூரையின் கீழும் பிழை மிகும். எனவே வெட்டவெளியில் இரண்டொரு நிமிடம் நின்று, பின்னர்ப் படம் எடுத்தல் நலம்.

இருப்பிட அனுமதியில் ‘துல்லியம்’, ‘தோராயம்’ என இரு வகை உண்டு. தோராயத்தைத் தேர்ந்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஓரிடம் என்றுதான் பதிவாகும். அது அடுத்த ஊராகவும் இருக்கக்கூடும். துல்லியத்தையே தேர்தல் வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களே இருந்தால் அது ஒரு கிலோமீட்டர் அளவிலான குறிப்பு. நான்காம் இலக்கம் 11 மீட்டரையும், ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டரையும் குறிக்கும். இக்கணக்கை அறிந்த உறுப்பினர், பதிவின் தரத்தைப் பார்த்த மாத்திரத்தில் உணரலாம்.

மூன்றாவது: காலமும் ஒளியும்

தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தாமல், தானாக அமையும்படி விட்டுவிட வேண்டும். வில்லையை மெல்லிய துணியால் துடைத்து, கதிரவன் படமெடுப்போரின் முதுகுப்புறம் இருக்க நிற்க வேண்டும். கூட்டமாக நிற்போரை எடுக்கும்போது கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் ஓரத்தில் நிற்பவர் விடுபடார். கைப்பேசியில் போதிய இடம் காலியாக உள்ளதா என்பதையும் முன்கூட்டியே பார்த்தல் வேண்டும்.

செயலி செய்விப்போர் கவனத்திற்கு

பயனாளர் எவ்வளவு கவனமாயிருப்பினும், செயலியின் அமைப்பில் குறையிருந்தால் பயனில்லை. ஆதலின், புதிய செயலி செய்விக்கும் அலுவலகங்கள் பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறுதல் நன்று:

1. பின்புறக் காமிராவே முதலில் திறத்தல்.
2. அனுமதி எதற்கென்று தமிழில் முன்னரே விளக்குதல்.
3. இடப்பிழை எத்தனை மீட்டர் என்பதைத் திரையிற் காட்டி, மிகுந்திருந்தால் எச்சரித்தல்.
4. முகம் தெரியும் அளவுக்குத் தெளிவு குன்றாமல் படத்தின் அளவைச் சுருக்குதல்.
5. இணையம் இல்லாதபோது படத்தைக் காத்து வைத்து, கிடைத்ததும் அனுப்புதல். அனுப்பப்படாதவை எத்தனை என்று காட்டுதல்.
6. கருவி பழுதானால், கையொப்பமிட்ட எழுத்துப் பதிவை ஏற்க வழி செய்தல்.

கடைசியாகச் சொன்னதே முதன்மையானது எனக் கொள்வோம். இயந்திரம் பழுதானதற்காக, உழைத்தவர் கூலி இழத்தல் நீதியன்று.

படத்தின் எல்லை

காமிரா இடத்தைக் காட்டும், காலத்தைக் காட்டும். முன்னே நிற்பது மெய்யா என்பதை அது அறியாது. வருகைச் செயலியில் சில இடங்களில் படத்தையே மீண்டும் படமெடுத்து அனுப்பியதை 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டி, படங்களை மனிதர் சரிபார்க்க வேண்டுமென அறிவுறுத்தியது. ஆகவே நான்காவது சாட்சி வந்துவிட்டதென்று முதல் மூன்றையும் நாம் கைவிடலாகாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்னர், ஊராட்சியில் பதிவுப் பணிக்குப் பயன்படும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அனுமதி, இடம், நேரம் ஆகிய மூன்றையும் சோதிப்போமாக. கூட்டத்தில், எடுக்கப்பட்ட படங்களை ஊரார் முன் காட்டுவோமாக. படத்தில் இருப்பவரையும் இல்லாதவரையும் அடையாளம் சொல்ல, ஊர்க் கண்களினும் சிறந்த கருவி இல்லை.